கால்வாய்ப் பிளாட் அம்மன்

மங்களத்துக்கு வீடு கிடைத்த அன்றைக்குத் தேக்காவில் பாதிப் பேருக்கு வயிறு எரிந்தது. மீதிப் பேருக்கு எரியவில்லை என்றால் அவர்களுக்கு இன்னும் விஷயம் தெரியவில்லை என்று அர்த்தம். பின்னே என்ன? அதுவரை அவளும் அவள் புருஷன் வேலாயுதமும் ஒரு கடைவீட்டு மாடியில், பலகை வைத்துத் தடுத்த அறையில் குடியிருந்தார்கள். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ஒருத்தன் "நூறாயுசு" என்பான். அங்கேயிருந்து தனிச் சமையலறை, தனிக் கக்கூஸ், திருகினால் தண்ணீர், தட்டினால் வெளிச்சம் என்று புத்தம்புதுப் பிளாட்டுக்குப் போனால் ஊர் சும்மா இருக்குமா? பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கக்கூஸ் சங்கிலியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பாயசத்தில் கை வைத்தார்கள்.

பசாருக்குப் பின்னால், கால்வாய் ஓரமாக எழும்பிய கட்டடம் அது. அரசாங்கம் ஏதோ நம்பர் கொடுத்திருந்தது. சனங்கள் கால்வாய்ப் பிளாட் என்றார்கள். மங்களத்துக்குக் கிடைத்தது கீழ்த்தளம். படி ஏற வேண்டாம், சாமான் தூக்க வேண்டாம், கைப்பிள்ளைக்காரிக்கு வசதி என்று அவளும் பூரித்துப் போனாள். பாவம், எல்லாம் மழை பிடிக்கிற வரைக்கும்தான்.

அறுபத்தொன்றாம் வருஷக் கடைசியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. தரை வியர்க்க ஆரம்பித்தது. முதலில் மூலையில் ஓர் ஈரம். அப்புறம் சிமெண்டு விரிசல் வழியாகக் கசிவு. காய்ந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக ஒரு மாவு பூத்தது. கூடவே அழுகின முட்டை வாடை. மங்களம் அடுப்பைச் சந்தேகப்பட்டாள், வாசலில் ஓடுகிற லோங்காங் சாக்கடையைச் சந்தேகப்பட்டாள், ஒரு நாள் பூராவும் புருஷனையே சந்தேகப்பட்டாள். அதற்குள் அவள் பாதம் உரிந்துவிட்டது. பாதம் போனால் போகட்டும், அவளுக்கு வேறு கவலை. இடுப்பில் இருந்தானே செல்லக்கண்ணு, அவனுக்கு ஏழாம் மாசம். தவழத் துடித்தான். துடித்தான் என்றால் சாதாரணமாக அல்ல. வலையில் விழுந்த விரால் மாதிரி இடுப்பிலிருந்து நழுவி நழுவித் தரையைப் பார்த்துப் பாய்ந்தான்.

அந்தத் தரையில் பிள்ளையை விட்டால் என்ன ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. பக்கத்து வீட்டு நூருன்னிசாவின் மகள் ஆயிஷா தவழத் தொடங்கி, முழங்கால் இரண்டும் வெந்த மாதிரி சிவந்து, தோல் கழன்று கிடந்தது. தேங்காயெண்ணெய் தடவித் துணி சுற்றி, நூருன்னிசாவும் பிள்ளையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள். கீழ்த்தளத்தில் எந்த வீட்டுக் கதவைத் திறந்தாலும் ஒரு பெண் ஒற்றைக் கையால் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

மங்களம் விடுகிற ஆள் இல்லை. வீட்டு ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் சுப்பிரமணியம் என்ற இன்ஸ்பெக்டர் வந்தார். பூட்ஸ் பளபளத்தது. அவர் பேசினால் வானொலியில் செய்தி வாசிப்பதுபோல இருக்கும். குதிகாலால் தரையை ஒரு தட்டுத் தட்டினார்.

"தரையில் குறை ஏதும் இல்லை, அம்மா. தாங்கள் தண்ணீரை அதிகமாக ஊற்றிக் கழுவுகிறீர்கள். ஊர்ப் பழக்கங்களைக் கைவிட வேண்டும்."

"எந்த ஊருப் பழக்கம்?" மங்களத்துக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் பொறந்ததே கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில, சார். இந்தப் பிள்ளையும் அங்கதான். காலப் பாருங்க, எப்படி உரிஞ்சிருக்கு!"

அவர் காலைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். போய்விட்டார். பூட்ஸ் போட்டவனுக்குத் தரை எப்படி இருந்தால் என்ன!

வேலாயுதம் மட்டும் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரோடு போடுகிற கூட்டத்தில் அவன் மேஸ்திரி. உள்ளங்கால் தார் மாதிரி கெட்டி. அவன் குறை வேறு. எந்தக் கோயில் கமிட்டியிலும் அவனைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்றார்கள். எத்தனை திருவிழா வந்தாலும் அவன் கையில் சாம்பார் வாளியைத்தான் கொடுத்தார்கள். மாலை மரியாதை எல்லாம் வேறு யாருக்கோ போகும். அதை நினைத்து நினைத்து மாய்ந்துகொண்டிருந்த மனுஷன்.

பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. நல்ல நாளும் அதுவுமாய் வீடு இப்படிக் கிடக்கிறதே என்று மங்களம் பிள்ளையைக் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே சிறை வைத்தாள். ஒரு வாளி நிறைய மஞ்சளைக் கரைத்து, கதவுப் படியிலிருந்து சமையலறை வரைக்கும் தெளித்துவிட்டாள். மழை பிடித்த பிறகு வீட்டில் மஞ்சள் தண்ணீர் விழுந்தது அன்றுதான். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு திரும்பினால், தரை சிவந்து கிடந்தது. நல்ல குங்குமச் சிவப்பு!

மங்களம் வாயைத் திறக்கவில்லை. அந்த வேலையை மாடி வீட்டு முத்தாயி செய்தாள். கருவேப்பிலை கேட்க வந்தவள் வாசலில் நின்று, "ஐயையோ, ஆத்தா வந்துட்டாடீ!" என்று போட்ட கூச்சல் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கேட்டது. கூச்சல் போட்ட கையோடு தடாலென்று விழுந்து கும்பிட்டாள்.

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் வேப்பிலை வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது, ஒரு அம்மன் படம் வந்தது, யாரோ ஒரு மணி கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். வேலாயுதம் வேலையிலிருந்து வந்தான், பார்த்தான், சட்டையைக் கழற்றினான், திருநீற்றை அள்ளிப் பூசினான். கமிட்டியாவது மண்ணாவது! அம்மனே அவன் சமையலறைக்கு வந்துவிட்டாள். இனி எவன் அவன் கையில் வாளியைக் கொடுப்பான்?

மறுநாள் முதல் வாசலில் வரிசை. சாமிக்கு உகந்தது என்று வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு செம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்ற ஊற்றச் சிவந்தது. சிவக்கச் சிவக்க ஊற்றினார்கள். எதிர் பிளாக்கிலிருந்து ஒரு சீனக் கிழவி ஊதுபத்தியும் ஆரஞ்சுப் பழமும் கொண்டுவந்து வைத்து, லாட்டரியில் எந்த நம்பர் விழும் என்று அம்மனிடம் மலாயில் விசாரித்தாள். வேலாயுதம் கண்ணை மூடிக்கொண்டு அதற்கும் பதில் சொன்னான்!

மங்களத்தின் பாடுதான் திண்டாட்டம். ஏற்கெனவே ஈரமாயிருந்த தரை இப்போது குளமாகிவிட்டது. சோறு வடிக்க இடமில்லை. பிள்ளை இடுப்பிலேயே வளர்ந்துகொண்டிருந்தான். ஒரு நாள் கூட்டத்தில் அவள் கண் அசந்த நேரம், கட்டில் விளிம்பிலிருந்து சறுக்கிக் கீழே இறங்கி இரண்டு எட்டுத் தவழ்ந்தும்விட்டான். பாய்ந்து தூக்கினாள். குழாயடியில் முழங்காலைக் கழுவு கழுவென்று கழுவினாள். ராத்திரிக்குள் சிவந்துவிட்டது. அன்றைக்கு மங்களம் அழுதாள். அம்மன் முன்னால் உட்கார்ந்தே அழுதாள். பக்தி என்று நினைத்து இரண்டு பேர் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நூருன்னிசா பின்கதவைத் தட்டினாள். முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு, திருடியவள் மாதிரி முழித்தாள்.

"அக்கா, ஒரு விஷயம். யார்ட்டயும் சொல்லிராதீங்க."

"என்ன நூரு?"

"உங்க சாமி எங்க அடுப்படியில வந்து நிக்குது."

மங்களம் போய்ப் பார்த்தாள். மெய்தான். மஞ்சள் போட்டு மீன் அலசிய தண்ணீரை நூருன்னிசா தரையில் கொட்டியிருக்கிறாள். கொட்டிய இடம் பூராவும் அதே சிவப்பு. அவள் புருஷன் யாக்கூப், தேக்காவில் சரபத் கடை வைத்திருப்பவர், நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

"தங்கச்சி, உங்க வீட்டு ஆளு காதுல விழுந்துறப் போகுது. மணியத் தூக்கிக்கிட்டு இங்க வந்துருவாப்ல. நான் கடைக்கிப் போகவா, கதவக் காவல் காக்கவா?"

மங்களம் சிவந்த தரையைப் பார்த்தாள். மீன் செதிலைப் பார்த்தாள். எந்த அம்மன் மீன் கழுவிய தண்ணீரில் வந்து இறங்குவாள்? வீட்டுக்கு ஓடினாள். வேலாயுதத்தின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்தாள். ஒரு தட்டில் மஞ்சளைக் கரைத்து, விரல் நுனிச் சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கினாள். சிவந்தது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் எத்தனை தடவை இப்படி ஆரத்தி கரைத்திருக்கிறாள்! அவள் மட்டுமா? வரிசையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்ட அத்தனை பொம்பிளைகளும் ஆரத்தி கரைத்தவர்கள்தானே? ஒருத்திக்காவது பொறி தட்டவில்லை பாருங்கள்.

"சுண்ணாம்பு!" என்றாள், தட்டோடு திரும்பி வந்து. "நூரு, கீழ அத்தனையும் சுண்ணாம்புடி. ஆனா இங்க ஏது சுண்ணாம்பு?"

யாக்கூப் நாற்காலியை விட்டு இறங்காமலேயே சொன்னார்: "இங்கதானே தோல் பட்டறை இருந்துச்சு. மாட்டுத்தோலுல முடி உதிரணும்னு பெரிய பெரிய குழியில சுண்ணாம்பக் கரைச்சு ஊறப் போடுவாங்க. எத்தன வருஷம்! நான் சின்ன ஆளா இருக்கறப்பப் பட்டறைக்குத் தேத்தண்ணி குடுக்க வருவேன், நாத்தம் கொடலப் புடுங்கும். அப்பறம் பட்டறைய மூடுனாங்க. குழி மேல ரெண்டு லோரி மண்ணத் தள்ளி சிமெண்டப் பூசிட்டாங்க."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன, யாக்கூப் நானா?" என்றாள் மங்களம்.

"வீடு கெடைக்குதுன்னு எல்லாரும் சந்தோஷமா இருந்தீங்க. எனக்கும் வீடு வேணும்ல?"

அதற்கு மேல் அவரை என்ன கேட்பது? மங்களமும் நூருன்னிசாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆளுக்கொரு பிள்ளையை இடுக்கிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அப்புறம் ஆயிஷாவின் முழங்கால் துணி கண்ணில் பட்டது. சிரிப்பு நின்றுவிட்டது.

வேலாயுதத்திடம் சொல்லிப் பார்த்தாள். அவன் அசரவேயில்லை. "ஆமா, சுண்ணாம்பு ரூபத்துல வந்திருக்கா. அம்மா எந்த ரூபத்துலயும் வருவாடி" என்றான்.

"மாட்டுத்தோலு ஊறுன குழியிலயா?"

"வாய மூடு. தெய்வ குத்தம்."

மங்களம் வாயை மூடிக்கொண்டாள். புருஷனுக்குப் பயந்து அல்ல, ஒரு கணக்கு வைத்திருந்தாள். கால் உரிகிறது என்றபோது பூட்ஸ் வந்து தட்டிவிட்டுப் போனது. கீழ்த்தளத்தில் சட்டவிரோதமாய்க் கோயில் முளைத்திருக்கிறது என்றால் ஆபீசே எழுந்து ஓடி வரும். வரட்டும். அதுவரைக்கும் அம்மன் இருந்துவிட்டுப் போகட்டும். நூருன்னிசாவும் சரி என்றாள். யாக்கூப் மட்டும், "எங்க வீட்டுக்குள்ள மட்டும் வேணாம்லா" என்று கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

கணக்குத் தப்பவில்லை. கூட்டம் ரோட்டை மறித்து, பஸ் நின்று, சத்தம் எங்கெங்கோ கேட்டு, ஒரு காலை ஜீப்பில் சுப்பிரமணியம் வந்து இறங்கினார். கூடவே ஒரு பியூன். கடுகடுவென்று வந்த மனுஷன் வாசலில் கற்பூரத்தைப் பார்த்ததும் தயங்கினார். சுற்றிலும் பார்த்தார். மெல்லக் குனிந்து பூட்சைக் கழற்றினார், காலுறையையும் கழற்றினார். என்ன இருந்தாலும் அம்மன் இல்லையா? ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கண்ணை மூடிக் கும்பிட்டார். வேலாயுதம் சும்மா விடுவானா? அதிகாரி வந்திருக்கிறார் என்று மந்திரத்தை இழு இழுவென்று இழுத்தான். வாய்க்கு வந்த பேரையெல்லாம் சொல்லிப் போற்றி போட்டான். முடிகிற நேரம் இன்ஸ்பெக்டர் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மங்களத்தைத் தனியே கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"எதிர்ப் புறக் கட்டடத்தில் மூன்றாம் மாடி. அது மேட்டு நிலம், ஈரம் இராது. இன்றைக்கே குடிபோகலாம். படத்தையும் மணியையும் அமைதியாக அப்புறப்படுத்திவிட வேண்டும். இந்தத் தரையைப் பற்றி யாரிடமும் பேச்சு இருக்கலாகாது."

சாவி. மங்களத்தின் உள்ளங்கையில் சாவி. ஒரு நிமிஷம் அவளுக்கு வேறெதுவும் தெரியவில்லை. காய்ந்த தரை. பிள்ளையை இறக்கி விடலாம். இரண்டு கையும் காலியாக நிற்கலாம். இடுப்பு வலி தீர ஒரு தடவை நிமிர்ந்து நிற்கலாம்.

"அப்ப இந்த வீடு, சார்?"

"புதிதாகச் சிமெண்டு பூசி, காத்திருக்கும் வேறொரு குடும்பத்துக்குத் தருவோம்."

"அவங்களுக்குக் கைப்பிள்ள இருக்கா?"

"அந்த விவரம் எதற்கு?"

"நூருன்னிசா வீடு? அந்தப் பக்கத்து வீடுங்க?"

"அங்கெல்லாம் எதுவும் நிகழவில்லையே, அம்மா. இந்த ஒரு வீட்டில்தான் பிரச்சினை."

நூருன்னிசா தன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க போங்கக்கா" என்கிற மாதிரி தலையை மட்டும் அசைத்தாள். அது சிடுசிடுப்பாக இருந்திருந்தால் மங்களம் போயிருப்பாள். நிஜமாகவே போகச் சொன்னாள் அந்தப் பைத்தியக்காரி. மங்களத்துக்கு ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. எல்லார் மேலும்தான்.

சாவியை அவர் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டாள். பக்தர்கள் நிரப்பி வைத்திருந்த மஞ்சள் தண்ணீர் அண்டா வாசலில் இருந்தது. அதைத் தூக்க இரண்டு கை வேண்டும்.

"பிள்ளையக் கொஞ்சம் பிடிங்க, சார்."

என்ன ஏது என்று யோசிப்பதற்குள் செல்லக்கண்ணு இன்ஸ்பெக்டரின் கையில் இருந்தான்.

மங்களம் அண்டாவைத் தூக்கிக்கொண்டு நூருன்னிசா வீட்டுக்குள் போய்ச் சளேரென்று ஊற்றினாள். சிவந்தது. அடுத்த வீடு. சிவந்தது. அம்மாவைக் காணாமல் பிள்ளை வீறிட, இன்ஸ்பெக்டர் வேறு வழியில்லாமல் வெறுங்காலோடு அவள் பின்னாலேயே ஓடினார். அவருக்குப் பின்னால் பியூன், பியூனுக்குப் பின்னால் மணியும் கையுமாக வேலாயுதம், அவனுக்குப் பின்னால் வரிசை மொத்தமும்.

"பாத்துக்குங்க! சாமியுமில்ல, பூதமுமில்ல!" மங்களத்தின் தொண்டை கிழிந்தது. "மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா என்னடி ஆகும், முத்தாயி? ஆரத்தி கரைச்சதில்ல நீ? நாம குடியிருக்கறது தோல் பட்டறைச் சுண்ணாம்புக் குழி மேலடி! மாட்டு முடி உதிர்ந்த எடத்துல நம்ம பிள்ளைங்க தோலும் உரியுது!"

முத்தாயி மெதுவாகக் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். அத்தனை கண்ணும் வேலாயுதத்தின் பக்கம் திரும்பின. அவன் முகத்தைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு மரியாதை, அதுவும் சுண்ணாம்பாய்ப் போனது. மணியைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், இன்ஸ்பெக்டர் தோளில் தேம்பிக்கொண்டிருந்த மகனைப் பார்த்தான். மகனின் முழங்காலை இப்போதுதான் சரியாகப் பார்த்தான் போலிருக்கிறது.

திடீரென்று அவன் உடம்பு உதறியது. கண் மேலே செருகியது.

"ஏய்ய்! இன்ஸ்பெக்டரூ!" என்று ஒரு சத்தம் போட்டான் பாருங்கள், பியூன் இரண்டடி பின்னால் போனான். "எனக்கே இந்தத் தரை எரியுதுடா! நான் கெளம்பறேன்! கீழ்த்தளத்துல ஒரு குஞ்சு குளுவான் இருக்கப்படாது! எல்லாத்துக்கும் மாடி குடு!"

"குடு! குடு!" என்றது கூட்டம். சீனக் கிழவிக்கு என்ன புரிந்ததோ, அவளும் "குடு" என்றாள். மங்களத்துக்கு அந்த நேரத்தில் புருஷன் மேல் வந்த பிரியம் கல்யாணம் ஆன நாளிலிருந்து வந்ததில்லை.

கடைசி வீடும் முடிந்தது. அண்டா காலி. தாழ்வாரத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் தண்ணீர் சிவப்பாய்ப் பரவிக் கிடந்தது. அதன் நடுவில் இன்ஸ்பெக்டர், பாதம் மாற்றிப் பாதம் வைத்து நின்றார். செல்லக்கண்ணு அழுகையை விட்டுவிட்டுத் தன் வேலையை ஆரம்பித்துவிட்டான். தலைகீழாகத் தொங்கித் தரையைப் பார்த்துப் பாய்ந்தான். அவர் இந்தக் கைக்கு மாற்றினால் அந்தப் பக்கம் நழுவினான்.

"யாராச்சும் பிள்ளைய வாங்குங்கம்மா" என்றார். முதல் தடவையாக அவர் வாயிலிருந்து வீட்டுத் தமிழ் வந்தது. "கை விட்டுப்போச்சு."

யாரும் கை நீட்டவில்லை. கீழ்த்தளத்துப் பெண்கள் அத்தனை பேரும் அவரவர் வாசலில் நின்றார்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒன்று.

"ஏன் சார் செரமப்படறீங்க?" என்றாள் மங்களம். குரலை உயர்த்தவில்லை. "தவழுற பிள்ளதானே. கீழ விடுங்க."

அவர் கீழே பார்த்தார். சிவந்த தண்ணீருக்குள் அவருடைய பாதம் இருந்தது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். பிள்ளை காலை உதறி இன்னும் ஒரு சாண் இறங்கினான். அவன் விரல் நுனி தரையைத் தொடுவதற்குள் அவர் பதறிப் போய் அவனை அப்படியே வாரித் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். நீச்சல் தெரியாதவன் ஆற்றைக் கடக்கிற மாதிரி நின்றார்.

"பியூன்" என்றார், பிள்ளையின் வயிற்றுக்குக் கீழேயிருந்து. "ஆபீசுக்கு போன் போடு. கீழ்த்தளம் மொத்தமும் காலி பண்ணணும்னு சொல்லு. இன்னிக்கே."

"அதுவரைக்கும் பிள்ளைய நான் வாங்கிக்கட்டுமா, சார்?" என்றான் பியூன்.

"நீயும் இந்தத் தரையிலதானடா நிக்கிறே! ஓடு!"

பியூன் ஓடினான். இன்ஸ்பெக்டர் பிள்ளையை இறக்கவில்லை.